எவ்வளவு பெரிசு என்பதா கேள்வி?

துகள் முடுக்கி பற்றி நம் பத்திரிகைகள் எழுதினால், "27 கிலோமீட்டர் சுற்றளவு, பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர்" என்பதோடு பெருமை தீர்ந்துவிடும். கோபுர உயரத்தைச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குள்ளேயே போகாமல் திரும்புகிற கதைதான். இப்போது 91 கிலோமீட்டரில் இன்னொன்று கட்டத் திட்டம் என்றதும் மறுபடி அதே பாட்டு.

ஆற்றல் கூட வேண்டுமென்றால் பெரிய வளையம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது பாதிக் கதை. ஜெனீவா அருகே செர்ன் வளையத்தில் ஒரு கொத்துக்குச் சுமார் பத்தாயிரம் கோடி புரோட்டான்கள். இரு கொத்துகள் எதிரெதிரே கடக்கும்போது நடப்பது சில பத்து மோதல்கள்தான். ஹிக்ஸ் துகளோ சுமார் நூறு கோடி மோதலுக்கு ஒன்று. மோதல் கூடாவிட்டால் எத்தனை கிலோமீட்டர் இருந்து என்ன பயன்?

பழைய கதை ஒன்று. 1983-இல் டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டது, 1976-இல் ஓடத் தொடங்கிய 7 கிலோமீட்டர் வளையத்தில்தான். அதையே மோதல் இயந்திரமாக்கலாம் என்றார் கார்லோ ருபியா. சிக்கல், எதிர்ப்புரோட்டான்கள். கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்தது போல் சிதறும். வழி கண்டவர் சைமன் வான் டெர் மீர் என்ற டச்சு எஞ்சினியர். அவற்றைச் சேர்த்துவைக்கும் சின்ன வளையத்தில் ஓரிடத்தில் சிதறலை அளந்து, துகள்கள் சுற்றி வருமுன் குறுக்கு வழியே சிக்னல் அனுப்பி, மறுபக்கத்தில் மெல்லத் தட்டிச் சரிசெய்வது. சுற்றுக்குச் சுற்று தட்டத் தட்ட, கற்றை மெலிந்து அடர்த்தியானது. 1984 நோபல் இருவருக்கும் சேர்த்து. ருபியாவையாவது சிலருக்குத் தெரியும். வான் டெர் மீரை யார் நினைக்கிறார்கள்?

இன்றும் அதே கதைதான். 27 கிலோமீட்டர் சுரங்கத்தை ஓர் அடி நீட்டாமல், மூல வடிவமைப்பைப் போல் 5 முதல் 7.5 மடங்கு மோதல் பெறும் வேலை நடக்கிறது. நியோபியம்–வெள்ளீயக் காந்தங்கள் கற்றையை இன்னும் இறுக்கும். கொத்துகள் சாய்கோணத்தில் கடப்பதால் முழுசாகப் பொருந்துவதில்லை. அவற்றைச் சற்றே திருப்பி, நண்டு போல் பக்கவாட்டில் நகரவிட ஒரு கருவி. ஜப்பானில் 2007-லேயே ஓட்டிப் பார்த்த யுக்தி இது. இதெல்லாம் எந்தத் தலைப்புச் செய்தியில் வந்தது?

பெரிதாகக் கட்டுவது கண்ணுக்குத் தெரியும். இருப்பதைச் செம்மைப்படுத்துவது தெரியாது. அதனால் அது சின்ன வேலையாகிவிடாது. 91 கிலோமீட்டர் கட்டட்டும். கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்று: வினாடிக்கு எத்தனை மோதல்?