பெரிய கோவிலின் நிழல்

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை என்னும் செய்தியைக் கேளாதவர் தமிழ்நாட்டில் அரியர். வழிகாட்டிகள் சொல்கின்றனர், பேச்சுப் போட்டிகளில் மாணவர் முழங்குகின்றனர். சோழரைப் புகழ்வதாக எண்ணி நாம் அவர்களைச் சிறுமைப்படுத்துகிறோம் என்பதே என் கருத்து.

டிசம்பர் 21 அல்லது 22 அன்று நண்பகலில், சண்டிகேசுவரர் சந்நிதி அமைந்த வடபுறத்தில் நின்று பார்த்தால் போதும். கதிரவன் தென்கோடியை எய்தும் நாள் அது. (உத்தராயணத்தை நாம் தை முதல்நாளில் கொண்டாடினாலும், வானில் அத்திருப்பம் மூன்று வாரங்களுக்கு முன்பே, சம்பாப் பயிர் வயலில் நிற்கும் மார்கழியிலேயே நிகழ்ந்துவிடுகிறது.) தஞ்சை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் உள்ளது. ஆதலால் அன்று உச்சிப்பொழுதிலும் கதிரவன் தெற்கே 34 பாகை சாய்ந்தே நிற்கும். எப்பொருளின் நிழலும் அதன் உயரத்தில் மூன்றில் இரு பங்கினும் சற்று மிகுதியாக வடக்கே நீளும். ஏறத்தாழ 216 அடி உயர விமானத்தின் உச்சிநிழல், நடுவிலிருந்து ஏறத்தாழ 147 அடித் தொலைவில் விழும். அடித்தளமோ பக்கத்திற்கு 100 அடி அளவினது. நடுவிலிருந்து சுவர்வரை 50 அடியே. எஞ்சிய நிழல் அடித்தளத்தைக் கடந்து வெளியே விழாமல் எங்கே போகும்?

அப்படியாயின் கதை முழுப்பொய்யா? அன்று. ஏப்ரல் 18, ஆகஸ்டு 24 ஆகிய நாள்களை ஒட்டிக் கதிரவன் நண்பகலில் தஞ்சைக்கு நேர் உச்சியில் வருகிறது. மார்ச்சு நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதிவரை, விமானத்தின் நண்பகல் நிழல் அகன்ற அடித்தளத்திற்குள்ளேயே ஏறத்தாழ அடங்கிவிடும். அக்காலத்தில் வந்தவர் கண்ட காட்சியை, ஆண்டு முழுமைக்கும் யாரோ நீட்டிவிட்டனர் போலும். காலையும் மாலையும் விழும் நெடுநிழல் எவர் கண்ணிலும் படாமல் போனதுதான் வியப்பு!

இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமான உச்சிக்குச் செப்புக்குடம் அளித்தான். அதன் எடை 3,083 பலம் என்றும், அதில் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு கணக்குரைக்கிறது. அரைக் கழஞ்சையும் விடாது பொறித்தவர்கள் நிழலற்ற அதிசயத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

தமிழர் நிழலை மறைக்க முயன்றவரல்லர், அதனை அளந்தவர். அரண்மனைக்கு மனை வகுக்கும் நூலறி புலவர், இரு கோல் நட்டு நண்பகல் நிழல்வழித் திசை தேர்ந்ததை நக்கீரர் நெடுநல்வாடையில் பாடியுள்ளார். நிழல் இல்லையெனில் அக்கலையே இல்லை.

அயர்லாந்தின் நியூகிரேஞ்சு, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை மேடு. அதனுள் ஒருநாள் கதிரொளி புகும் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவந்தனர். தொல்லியலாளர் ஓ கெல்லி அதனை நம்பவும் இல்லை, நகைக்கவும் இல்லை. 1967 டிசம்பர் 21 விடியலில் உள்ளே சென்று காத்திருந்தார். நுழைவாயிலுக்கு மேல் அமைந்த திறப்பின் வழியே ஒளி நுழைந்து அறையை அடைந்தது. ஊரார் சொல் அங்கே மெய்யாயிற்று. இங்கே பாதி மெய்யாகிறது. இரண்டையும் அறிவதற்கு வழி ஒன்றே.

அதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டா. டிசம்பர் 21 அன்று பகல் 12 மணி 12 நிமிட அளவில், தஞ்சை வட்டாரப் பள்ளித் திடலொன்றில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டால், நிழல் 68 சென்டிமீட்டர் நீளும்.