போர்டில் ஏறாத சாவு

எங்கள் ஊர் தோல் தொழிற்சாலை வாசலில் ஒரு போர்டு தொங்குகிறது. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண். அங்கே செப்டிக் டேங்க் கழுவ இறங்கிய எங்க தெருப் பையன்கள் ரெண்டு பேர் பொணமாய் வெளியே வந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். எண்ணில் ஒன்று கூடியிருந்தது. "அவங்க கம்பெனி ஆளுங்க இல்ல தம்பி, காண்ட்ராக்ட் ஆளுங்க" என்றார் வாட்ச்மேன்.

தோழர்களே, நான் கேட்க வந்தது இந்தக் கணக்கைத்தான்.

'பாதுகாப்பு லாபம் தரும்' என்று நிர்வாகப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஹெய்ன்ரிச் 1931இல் புத்தகமே போட்டார். விபத்தில் நேரடியாக ஆகும் செலவு 1 பங்கு என்றால், வேலை நிற்பது, புது ஆளைப் பழக்குவது என்று மறைவாய்ப் போவது 4 பங்காம். ஆகவே, பாதுகாப்புக்குச் செலவழி என்று முதலாளிக்குப் புத்தி சொன்னார். சரி. செத்தவன் பேரே மஸ்டர் ரோலில் இல்லையென்றால்? அவனுக்குப் பதிலாக நாளைக்கே சேரியிலிருந்து இன்னொருத்தனைக் கூட்டிவர முடியுமென்றால்? அந்த 4 பங்கு எங்கே போச்சு? எங்க சாவு மலிவாய் இருக்கும்வரை அவர்களுக்குப் பாதுகாப்பு நஷ்டம்தான். அதை மலிவாக்கி வைத்திருப்பது சாதி.

குழிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாய் இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. முதல் ஆள் சாய்கிறான். காப்பாற்றக் குதிக்கிறவனும் சாகிறான். ஆளே இறங்காமல் மெஷின் வைத்து உறிஞ்சலாம். இது தெரியாத முதலாளி எவன்?

சட்டம் இல்லாமலா? 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. இப்படிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023இல் 30 லட்சமாக்கியது. பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எங்கள் உரிமை. ஆனால் சாவுக்கு விலை ஏறுகிறதே ஒழிய, குழிக்குள் இறக்குவது நிற்கவில்லை.

நிர்வாகம் படிக்கும் மாணவத் தோழர்களே, காண்ட்ராக்ட் ஆள் சாவு எந்தக் கம்பெனிக் கணக்கில் ஏறுகிறது என்று வகுப்பில் எழுந்து கேளுங்கள். காண்ட்ராக்டரோடு வழக்கை முடிக்க விடாதீர்கள். வேலை கொடுத்த முதலாளியையும் குற்றவாளியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். லாபமோ நஷ்டமோ, இனி எங்க ஆள் எவனும் இறங்க மாட்டான்.

அந்தப் போர்டைச் சைபரிலிருந்து எழுதச் சொல்லி வாசலில் உட்காருவோம்.