பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்
விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடும் லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடுமுன் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தே இயங்கும்; நீங்கள் நிறுவச் சொல்லும்வரை ஹார்ட் டிஸ்க்கில் கைவைக்காது. வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அசைகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமே என்ற பயமெல்லாம் பெரும்பாலும் பழைய கதை. நம் ஆட்களுக்குத் தலைவலி தட்டச்சில்தான். க-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும் தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்றால், ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பையும் நிறுவியாக வேண்டும். முதல் நாள் எரிச்சல் வரும். பாமினியில் அடித்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் (விண்டோஸிலேயே இருந்தாலும் செய்ய வேண்டிய வேலைதான்). டேலி, ஃபோட்டோஷாப் இல்லாமல் பிழைப்பு ஓடாதென்றால் மாறாதீர்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனை வைத்து ஒப்பேற்றலாம் என்று சொல்லும் நண்பரையும் நம்பாதீர்கள். பிரௌசர், கடிதம், சினிமா என்று இருப்பவர்களுக்கு லினக்ஸ் தாராளம். நிறுவுவதற்கு முன் கோப்புகளை மட்டும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.