மனுஷன் என்ன பக் லிஸ்ட்டா?

மக்களே, அப்ரைசல் சீசன் வந்தாச்சு. பொட்டி தட்டுறவங்களுக்குத் தெரியும், அந்த ஃபாரத்துல 'முன்னேற வேண்டிய இடங்கள்'னு ஒரு கட்டம் இருக்கும். வருஷம் பூரா நாம புடுங்கின நல்ல ஆணியையெல்லாம் டேமேஜர் (எழுத்துப்பிழை இல்லீங்க) ரெண்டு வரியில முடிச்சிட்டு, இந்தக் கட்டத்துக்கு மட்டும் அரைமணி நேரம் எடுத்துப்பார். அதைச் சரிபண்ண ஒரு கோச் வேற.

எங்க டீம்ல ஒருத்தர் இருந்தார். மூணு நாளா யாருக்கும் பிடிபடாத மெமரி லீக்கை ஒரே மதியத்துல பிடிச்சிடுவார். ஆனா கிளையண்ட் கால்ல வாயே திறக்க மாட்டார். அவரைப் பேச வைக்கறதுக்கு ஆறு மாசம் கோச்சிங். பேச்சு சுமாராத்தான் வந்துச்சு. அந்த ஆறு மாசம் ஜூனியர் பசங்களை அவர் பக்கத்துல உட்கார வெச்சிருந்தா டீமே தேறியிருக்கும். யாருக்கும் தோணலை. மனுஷன் பேப்பர் போட்டுட்டுப் போயிட்டார். இப்பல்லாம் லீக் வந்தா நாங்க சர்வரை ரீஸ்டார்ட் பண்றோம் :-)

இது ஒண்ணும் என் சொந்தச் சரக்கு இல்லை. திறமையே இல்லாத விஷயத்துல சுமாருக்கு வர்றதுக்கு ஆகுற உழைப்பு, நல்லா வர்றதை பிரமாதமாக்க ஆகுறதை விட ரொம்ப அதிகம்னு பீட்டர் டிரக்கர் 1999-லேயே எழுதிட்டார். மார்ட்டின் செலிக்மனும் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் 2004-ல, நோய்களுக்குப் பட்டியல் இருக்கற மாதிரி மனுஷனோட நல்ல குணங்களுக்கும் 24 பலங்கள்னு ஒரு தடிமன் புத்தகமே போட்டாங்க.

"அப்ப குறையைக் கண்டுக்காம விடணுமா?"ன்னு கும்ம வராதீங்க. டெஸ்ட் பண்ணாமலே கோடை செக்-இன் பண்றவரைத் திருத்தித்தான் ஆகணும். அது கெட்ட பழக்கம். கெட்ட பழக்கத்தை மாத்தச் சொல்லி டிரக்கரும்தான் சொல்றார். கூட்டத்துல பேச வராதது அந்த வகை இல்லை. பேசறதுக்குன்னே பிறந்தவர் ரெண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருக்காரே, காலை அவர்கிட்ட கொடுத்தா முடிஞ்சது.

இன்னொரு கூத்தையும் சொல்லணும். சில கம்பெனிகள்ல கேலப் டெஸ்ட் வைக்கறாங்க. 34 பலங்கள்ல உன்னோட டாப் அஞ்சு இதுன்னு ரிப்போர்ட் வரும். அதை பிரிண்ட் எடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டிக்கலாம். கொடுக்கற வேலை மட்டும் அதே பழைய வேலை. ஃபாரத்துல அந்தக் கட்டமும் அப்படியேதான் இருக்கு.

உங்க ஆபீஸ் கதையைப் பின்னூட்டத்துல கொட்டுங்க. எனக்கு நாலு மணிக்கு கோச்சிங் செஷன் இருக்கு, வர்றேன்.