கன்றுக்குக் கிடுகு நிழல், பிள்ளைக்குப் பவுடர் டின்னா?



தென்னங்கன்று நடும்போது நாம் என்ன செய்கிறோம்? குழி வெட்டி, ஈரம் நிற்கட்டும் என்று பொச்சுமட்டையை அடுக்கிப் புதைக்கிறோம். வெயில் படாமல் கிடுகு வைத்து மறைக்கிறோம். வறட்சி மாதங்களில் தண்ணீர் ஊற்றுகிறோம். கன்று பட்டுப்போனால் கங்காணி ஏசுகிறார், துரை கணக்குக் கேட்கிறார். தென்னையைப் பற்றி ஆராய 1929 முதல் ஒரு நிறுவனமே நம் மாவட்டத்தின் லுணுவிலவில் இருக்கிறது. அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தென்னைதான் நமக்கும் சோறு.

ஆனால் அதே தோட்டத்தில் தேங்காய் பொறுக்கும் தாயின் ஐந்து மாதப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? வரம்போரத்தில் ஒரு சாக்கு, அதன் மேல் ஒரு பழைய சேலை. கழுத்து மடிப்பில் வேர்க்குரு. தொடை இடுக்கில் தோல் சிவந்து உரிந்து, தொட்டால் வீரிட்டு அழுகிறது. கிளினிக்குக் கொண்டுபோனால், "பிள்ளையைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாதா?" என்ற ஏச்சு தாய்க்குத்தான் விழுகிறது.

அந்த ஏச்சு தவறான ஆளுக்குப் போகிறது. பிள்ளையின் தோல் புண்ணாவது தாயின் கவனக்குறைவால் அல்ல. நிழலும் தண்ணீரும் நேரமும் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. ஆகவே இது வேலைத்தலப் பிரச்சினை, சங்கத்தின் பிரச்சினை.

சிசுவின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஈரத்தைச் சீக்கிரம் இழக்கும், பட்டதைச் சீக்கிரம் உறிஞ்சும். வியர்வைத் துவாரம் அடைபட்டால் வேர்க்குரு வருகிறது. சிறுநீரும் மலமும் பட்ட துணி நேரத்துக்கு மாற்றப்படாவிட்டால் தோல் வெந்து உரிகிறது. இதற்கு மருத்துவம் சொல்லும் வழி எளியது: காற்றோட்டமான நிழலில் கிடத்து, தளர்ந்த பருத்தித் துணி போடு, நனைந்த நெப்பியை உடனே மாற்று, வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றித் துடை, கொஞ்ச நேரம் காற்றாட விடு. இதில் சல்லி கொடுத்து வாங்க வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் காலை முதல் பின்னேரம் வரை நிரையில் நிற்கும் தாய் நெப்பியை "உடனே" மாற்றுவது எப்படி?

சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு 9 மணி நேர வேலையில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. மடுவம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. 2018 திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் பேறுகால லீவு 12 கிழமை. அந்த லீவு முடிந்து வேலைக்கு வந்த நாள் முதல் பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் வரை இந்த இடைவேளை தாய்க்குச் சொந்தம்.

கணக்கைப் பாருங்கள். மடுவம் இல்லாத தோட்டம் ஒரு தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கடன்பட்டிருக்கிறது. மடுவம் கட்டினால் அது ஒரு மணித்தியாலமாகக் குறையும். "மடுவம் கட்டக் கட்டுப்படியாகாது" என்று சொல்லும் நிர்வாகம், அப்படியானால் அந்த இரண்டு மணித்தியாலத்தைக் கொடுக்கட்டும். இரண்டையும் கொடுக்காமல், பால் கொடுக்கப் போனவளுக்கு அரைப் பேர் போடுவது சட்டத்தை மிதிப்பதாகும்.

"இவர்கள் கைக்காசு ஆட்கள், சட்டம் இவர்களுக்கு இல்லை" என்பார்கள். வருடக்கணக்காக அதே தோட்டத்தில், அதே கங்காணியின் கீழ் வேலை செய்பவளின் பெயரைப் பதிவில் ஏற்றாமல் வைத்துக்கொண்டு, பிறகு "பதிவில் இல்லை" என்பது என்ன நியாயம்? பதிவுதான் முதல் சண்டை. வேலை நாட்களை ஒவ்வொரு தாயும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது அதுதான் நம் கையில் இருக்கும் சாட்சி.

நேரமும் நிழலும் இல்லாத இடத்தில்தான் பவுடர் வியாபாரி நுழைகிறான். நாட்சம்பளத்தில் ஒரு பங்கு வாசனை டின்னுக்குப் போகிறது. வேர்க்குருவின் மேல் பவுடர் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து மடிப்பில் கட்டியாகும். அந்தத் தூசு பிள்ளையின் நெஞ்சுக்கும் கூடாது. 2019இல் இலங்கை அரசு ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழந்தைப் பவுடரின் இறக்குமதியை, அதில் அஸ்பெஸ்டஸ் இல்லை என்ற உறுதி கேட்டு நிறுத்தி வைத்தது. தன் பவுடரில் அஸ்பெஸ்டஸ் இல்லை என்பதே கம்பனியின் பதில். ஆனாலும் டால்க் கலந்த பவுடரை 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகம் முழுவதும் விற்பதை அது விட்டுவிட்டது. 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டால்கை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் சேர்த்தது. நம் பிள்ளைக்கு இந்த டின் தேவையில்லை. சந்தையில் விற்கும் பெயர் தெரியாத "வெள்ளையாக்கும்" கிறீமும் வேண்டாம். இத்தகைய கிறீம்களில் பாதரசமும் ஸ்டீரொயிட்டும் பிடிபட்டிருக்கின்றன.

உலர்ந்து வெடித்த தோலுக்கு நல்லது எது? நாம் பொறுக்கிக் குவிக்கும் தேங்காயின் எண்ணெய். 2014இல் வெளிவந்த பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், கரப்பான் உள்ள 117 பிள்ளைகளுக்கு 8 கிழமை பூசிப் பார்த்தார்கள். புதுத் தேங்காயில் எடுத்த சுத்தமான எண்ணெய், கனிய எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. (வேர்க்குரு உள்ள இடத்தில் மட்டும் எண்ணெய் பூச வேண்டாம், துவாரம் இன்னும் அடைபடும்.) ஆனால் 2025இல் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது, அதைப் பொறுக்கியவளால் வாங்க முடிந்ததா? மலிவு எண்ணெய் தேடிப் போனால், 2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் பிடிபட்டதை நாடே பார்த்தது. சிலாபம் தேங்காய்க்குப் பேர்போன மண். அந்த மண்ணின் பிள்ளைக்கு ஒரு போத்தல் நல்லெண்ணம் உள்ள எண்ணெய் இல்லை!

தண்ணீரும் அப்படியே. நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பும் சுண்ணாம்பும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, துணியிலும் தோலிலும் தங்கி உறுத்தும். உரம் போட்டுவிட்டு, களைநாசினி அடித்துவிட்டு வரும் தாய், கை கழுவி உடுப்பு மாற்ற ஓர் இடமில்லாமல் அப்படியே பிள்ளையைத் தூக்குகிறாள்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை கூட்டங்களில் சம்பளம் பேசினோம், எத்தனையில் பிள்ளை மடுவம் பேசினோம்? "அது பொம்பளைகள் காரியம்" என்று ஒதுக்கிய ஆண் தோழர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் இந்தக் கோரிக்கைகளை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்:

1. பாலூட்டும் தாய்க்குச் சட்டப்படியான இரண்டு இடைவேளை. அதற்காகச் சம்பளம் வெட்டக்கூடாது.
2. காய் விழாத இடத்தில் கிடுகுக் கூரையுடன் பிள்ளை மடுவம், பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள்.
3. மடுவத்தில் நல்ல தண்ணீர். உரம், மருந்து வேலை முடிந்து வருபவர்களுக்குக் கழுவும் இடம்.
4. ஒரு வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், தோட்டத்துக் காயிலிருந்தே.
5. வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பதிவில்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால், அல்லது இரண்டு மூன்று நாளில் சிவப்பு குறையாவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே யாராவது ஏசினால் தலை குனிய வேண்டாம். பிள்ளை பகலில் எங்கே கிடக்கிறது என்று சொல்லுங்கள்.

கன்றுக்குக் கிடுகு கட்டத் தெரிந்த தோட்டத்துக்குப் பிள்ளைக்கும் கட்டத் தெரியும். கட்ட வைப்பது நம் வேலை.