ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? கார்கசோனில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல!

மேற்படிப்புக்கு பிரான்ஸ் போகிற சீனியர்கள் லீவு கிடைச்சதும் ரயில் ஏறுகிற ஊர்களில் ஒன்று கார்கசோன். துலூஸிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இரட்டை மதில், 52 கோபுரங்கள், சுமார் 3 கிலோமீட்டர் சுவர். 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடைக்காலக் கோட்டை நகரம். போய் வந்தவங்ககிட்ட கேட்டால், "செம லுக் மச்சி, ஆனா பாதி 19-ஆம் நூற்றாண்டில் கட்டினது, டூப்ளிகேட்!" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொறியியல் படிக்கிற நாம் அந்த ஊரைப் பார்க்கப் போக வேண்டியதே, அது ரிப்பேர் செய்யப்பட்டது என்பதற்காகத்தான்.

கதை இதுதான். 1659-ல் பிரான்சும் ஸ்பெயினும் ஒப்பந்தம் போட்டு, எல்லை தெற்கே தள்ளிப் போனது. கோட்டைக்கு வேலை இல்லாமல் போச்சு. 1850 வாக்கில் அரசு அதை இடிக்கவே தயாரானது. உள்ளூர் வரலாற்று ஆர்வலர் க்ரோ-மைரவீலும் எழுத்தாளர் மெரிமேயும் போராடித் தடுத்தார்கள். 1853-ல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் சீரமைப்பைத் தொடங்கினார். 2019 தீவிபத்தில் விழுந்த பாரிஸ் நோத்ர தாம் கூர்கோபுரமும் இவர் வடிவமைத்ததுதான்.

சரி, போனால் என்ன செய்யலாம்?

முதலில் கடைத்தெருவுக்குள் போகாதீங்க. நார்போன் வாசல் தாண்டியதும் இரண்டு மதில்களுக்கும் நடுவில் இருக்கிற வெளியில் நடங்க. உள்மதிலின் அடியில் சின்னச் சின்னக் கல் வரிசைகள், நடுவே செங்கல் பட்டைகள் தெரிந்தால் அது ரோமானியர் காலத்து வேலை. அதுக்கு மேலே இடைக்காலம், அதுக்கும் மேலே 19-ஆம் நூற்றாண்டு. ஒரே சுவரில் மூணு வெர்ஷன்!

அடுத்து கூரையைப் பாருங்க. சில கோபுரங்களில் கறுப்பு சிலேட் கல்லில் கூம்புக் கூரை, சிலவற்றில் சரிவு குறைந்த சிவப்பு ஓடு. சிலேட் கூம்பு வட பிரான்ஸ் பாணி, தெற்குக்குப் பொருந்தாது என்று பெரிய சண்டையே நடந்தது. பிறகு 20-ஆம் நூற்றாண்டில் சில கூரைகளை ஓட்டுக்கு மாற்றினார்கள். சேன் நசேர் தேவாலயத்தின் மேற்கு முகப்பு கோட்டை மதில் மாதிரி இருக்கும். அது முன்பு அரணின் பகுதியாக இருந்தது என்று வியோலே-லெ-துக் தப்பாக நினைத்ததன் விளைவு அது. தவறான அனுமானத்தில் டிசைன் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, கல்லில் நிற்கிற உதாரணம்.

இன்னொன்றும் யோசிக்கணும். மதில்களுக்கு நடுவே இன்று காலியாகத் தெரிகிற அந்த இடத்தில் அன்று ஏழைகள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். சீரமைப்புக்காக அவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தார்கள். கோட்டை பிழைத்தது, குடியிருந்தவங்க போனார்கள். இன்று மதிலுக்குள் நிரந்தரமாக வசிப்பவர்கள் மிகச் சிலரே. மற்றதெல்லாம் ஹோட்டலும் நினைவுப்பொருள் கடையும்தான். கூரை நிறத்தை விட எனக்கு உறுத்துவது இதுதான்.

அதனால் மாலையில் பழைய பாலம் வழியாக ஓத் ஆற்றைத் தாண்டி கீழ் ஊருக்குப் போங்க. அதுவும் 13-ஆம் நூற்றாண்டு ஊர்தான், கட்டம் போட்ட மாதிரி நேர் தெருக்கள். மக்கள் உண்மையில் வாழ்வது அந்தப் பக்கம்தான். பாலத்தில் நின்று திரும்பினால் முழுக் கோட்டையும் தெரியும். செல்ஃபியை அங்கே எடுத்துக்கலாம், பைசா செலவில்லை.

பழசைக் காப்பாற்றுவது என்றால் யாரோ சிலர் முடிவுகள் எடுத்தே ஆகணும். எந்த ஆதாரத்தை வைத்து எடுத்தார்கள், யார் அதற்கு விலை கொடுத்தார்கள்? நாளைக்கு அந்த முடிவுகளை எடுக்கப் போகிறவர்களில் நாமும் இருப்போம். ஒரிஜினலா என்று கேட்பதை விட, இதைக் கேட்டுப் பழகுவோம்.