ஒலியியல் மாணவருக்குக் கலப்பெண் எதற்கு?

உயிரொலிகளின் ஃபார்மன்ட் அளவுகளை அட்டவணையாக்கி, அவற்றின்மீது ஆய்வேடுகளை எழுப்புகிறோம். அவ்வெண்கள் எவ்வாறு பிறந்தன என்று வினவினால், ‘மென்பொருள் தந்தது’ என்பதற்கு மேல் நம்மில் பலரிடம் விடை இல்லை. மொழியியல் முதுகலையில் ஒரேயொரு நிரலாக்கப் பயிற்சிக்கே இடமுண்டெனில், சி மொழியில் கலப்பெண்களைக் கொண்டு ஃபார்மன்ட் கணிப்பதே அதுவாக இருக்க வேண்டும் என்பேன்.

நேரியல் முன்கணிப்பு முறை பேச்சலையை ஒரு பல்லுறுப்புக் கோவையாகச் சுருக்குகிறது. அக்கோவையின் மூலங்கள் பெரும்பாலும் கலப்பெண் இணைகளாக அமையும். மூலத்தின் வீச்சு அதிர்வெண்ணைத் தரும். மட்டு பட்டை அகலத்தைத் தரும். நொடிக்கு 10,000 மாதிரிகள் கொண்ட பதிவில், மட்டு 0.97, வீச்சு 18 பாகை எனில், அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ்; பட்டை அகலம் ஏறத்தாழ 97 ஹெர்ட்ஸ்.

இங்கேதான் இடர். கலப்பெண்ணின் மட்டைக் காண ‘சிஏபிஎஸ்’ என்னும் சார்பு உண்டு. அதனிடத்தில், கணிதத் தலைப்புக் கோப்பிலுள்ள மெய்யெண் சார்பான ‘எஃப்ஏபிஎஸ்’ஸை இட்டாலும் மொழி விதிப்படி அது பிழையன்று. கற்பனைப் பகுதி ஓசையின்றிக் கைவிடப்படும். நிரல் ஓடும், பட்டை அகலம் 97க்கு மாறாக 257 என வரும். கணக்கை அறியாதவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இம்முறையை விரித்துரைத்த அடல், ஹனவர் இருவரின் கட்டுரை பெல் ஆய்வகத்திலிருந்து 1971இல் வெளிவந்தது. மறு ஆண்டே அங்கு டென்னிஸ் ரிச்சியின் சி மொழி உருப்பெற்றது. ஆயினும் அம்மொழியின் தரத்தில் கலப்பெண் இடம்பெற்றது 1999இல்தான். 2011ஆம் ஆண்டுத் தரமோ அதை விருப்பக் கூறாக்கிவிட்டது. கருவி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை ஆய்வாளரே அறிந்திருக்க வேண்டியுள்ளது.

ஓர் அட்டவணையின் ஆயுள் நீண்டது. நான் வசிக்கும் பெஹாலாவுக்கு நகரின் மறுகோடியில், பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சங்கர் பால், தத்தா மஜும்தார் ஆகியோரின் 1977ஆம் ஆண்டு ஆய்வை நினைக்கலாம். அவ்வழி வந்த 871 தெலுங்கு உயிரொலிகளின் ஃபார்மன்ட் தரவு, பின்னர் பல பத்தாண்டுகள் வடிவறிதல் ஆய்வுகளுக்கு உரைகல்லாயிற்று. நாம் இன்று வெளியிடும் எண்களையும் யாரோ நம்பி எடுத்தாளக்கூடும்.

‘பைத்தானில் ஓரிரு வரிகளில் முடியுமே’ எனலாம். அன்றாட ஆய்வுக்கு அது போதும், கற்பதற்குப் போதாது. சி மொழியில் ஒவ்வொரு மாறியும் மெய்யெண்ணா கலப்பெண்ணா என அறிவித்தாக வேண்டும்; அச்சிடும்போதும் இரு பகுதிகளையும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். இந்தச் சிரமமே பாடம்.

குற்றியலுகரம் முற்றியலுகரத்தினின்று வேறுபடுவதை எண்களால் நிறுவ முனைவோர், அவ்வெண்களின் மூலத்தை ஒருமுறையேனும் தாமே கணித்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பிற்பகல் ஆய்வக வகுப்பு போதும். பாடத்திட்டக் குழுக்கள் அதை ஒதுக்கட்டும்.